மரியாதைக்கு இறைத்த கிணறு

போன மாதம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "சேர், சுற்றாடல் விஞ்ஞானியாக வரவேணும் எண்ட ஆசை உங்களுக்கு எப்ப வந்தது?" என்று கேட்டார்கள். வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்து நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அலுமாரிதான் நின்றது. குசினிக்குள் என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் வேலை பார்த்த காலத்தில் சுற்றாடல் என்ற சொல் கந்தோர்க் கடதாசிகளில் வந்ததே இல்லை. விஞ்ஞானி என்று என்னை யாரும் அழைத்ததும் இல்லை. கந்தோரில் நான் தண்ணீர்ப் பரிசோதகர். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை தீவுப்பகுதிச் சனங்களுக்கு நான் 'உப்பையா'. நயினாதீவுத் துறையில் ஒருமுறை ஒருவர் என்னை மறித்து, கருவாட்டுக்கு உப்பு மூட்டை எப்போது இறங்கும் என்று விசாரித்தார். நான் மூட்டைக்காரன் இல்லை என்று விளங்கப்படுத்த முயன்றேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதை நக்கிப் பாத்தாத் தெரியுமே ஐயா, அதுக்கு ஒரு உத்தியோகமோ?" என்றார்.

ஆசை என்றால் எனக்கு டொக்டர் ஆகத்தான் ஆசை. பரீட்சை அதற்குச் சம்மதிக்கவில்லை. கொழும்பில் இரசாயனம் படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. முதல் வருடம் முழுவதும் போத்தல் கழுவினேன். இரண்டாவது வருடம் போத்தல் கழுவுகிறவர்களை மேற்பார்வை செய்தேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். "ஆக்களின்ர நாக்கைப் பாக்கவேண்டிய பெடியன் கிணத்தை எட்டிப் பாத்துக்கொண்டு திரியிறான்" என்று அம்மா சாகும்வரை கவலைப்பட்டா. பெண் பார்க்கப் போன இடத்தில் இன்னொரு வில்லங்கம் வந்தது. உப்பை அளக்க நாங்கள் பாவிக்கும் வெள்ளி நைத்திரேற்று விரலில் பட்டால் கறுத்துவிடும், லேசில் போகாது. பெண்ணின் மாமா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிக்குத் தோல் வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். குசினிக்குள் சிரித்தவர் அந்தப் பெண்தான். அன்றும் இப்படித்தான் சிரித்தா.

யாழ்ப்பாணக் கந்தோருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் அருளம்பலம் என்ற பெரியவர். மெலிந்த மனிதர். வள்ளத்தில் போனாலும் கழுத்துப்பட்டி கட்டித்தான் வருவார். அதிர்ந்து பேசமாட்டார். அறிக்கை கொடுத்தால் அதில் ஒரு திருத்தமும் செய்யாமல், ஓரத்தில் பென்சிலால் ஒரேயொரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த ஒரு கேள்வியில் அறிக்கை முழுவதும் பிய்ந்துவிடும்.

அவரோடு முதன்முதல் நெடுந்தீவுக்குப் போன அன்று கடல் கொந்தளிப்பு. பாதி வழியில் நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வரும்படி சத்தியெடுத்தேன். அவர் கழுத்துப்பட்டி ஆடாமல் நிமிர்ந்து இருந்தார்.

"வெறும் வயித்தோடயோ வந்தனீர்?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இடியப்பம் சாப்பிட்டனான்."

"அது தெரியுது" என்றார்.

ஊருக்குள் போனால் அவர் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டார். தன் தண்ணீரைத் தானே கொண்டு வருவார். நான் அதைக் கர்வம் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். "அவையின்ர தேத்தண்ணியும் ஒரு மாதிரிதான். சோதிக்க எடுத்த மாதிரியை ஆராவது குடிப்பாரோ?" என்றார்.

நெடுந்தீவில் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். வெயிலில் கிணறு கிணறாக அலைவானேன் என்று வீட்டுக்கொரு போத்தல் கொடுத்து, உங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு மரநிழலில் இருந்தேன். பின்னேரம் எல்லாப் போத்தலும் வந்தன. சோதித்தால் எல்லாம் ஒரே மாதிரி நல்ல தண்ணீர். நெடுந்தீவுக்கு அடியில் ஒரு நன்னீர் ஏரியையே கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. கண்டுபிடிப்புக்கு என் பெயரை வைப்பார்களோ என்றுகூட யோசித்தேன். பெரியவர் போத்தல்களை ஒருமுறை பார்த்தார். "கந்தோராள் கேக்கேக்க ஆர் ஐசே உவர்த் தண்ணி குடுப்பினம்? எல்லாரும் நல்ல தண்ணிக் கிணத்தில போய் அள்ளியிருப்பினம்" என்றார். அவர் சொன்னதே சரி. வந்தவனுக்கு உவர்த் தண்ணீர் கொடுப்பது வீட்டுக்கு வெட்கம். அவ்வளவு சனமும் ஒரே கிணற்றடியில் வரிசையில் நின்று எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கிணற்றிலும் என் கையால்தான் அள்ளினேன். போத்தலை அதே தண்ணீரால் மூன்றுதரம் அலசவேண்டும். கயிற்றில் கட்டி, தண்ணீர் கலங்காமல் இறக்கவேண்டும். மேல் தண்ணீருக்கு ஒரு போத்தல். அடித் தண்ணீருக்குக் கல் கட்டிய இன்னொரு போத்தல். அதன் மூடியில் தனிக் கயிறு இருக்கும், அடிக்குப் போனபின் சுண்டி இழுத்தால் திறக்கும். பிறகு குடுவையில் அளந்து ஊற்றி, மஞ்சள் மருந்தில் சில துளி விட்டு, நெடிய கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைத்திரேற்றைத் துளி துளியாக விழவிடவேண்டும். மஞ்சள் எப்போது செங்கல் நிறமாக மாறுகிறதோ அப்போது நிறுத்தவேண்டும். நல்ல தண்ணீர் என்றால் கொஞ்சத் துளியில் மாறிவிடும். உப்பு ஏற ஏறத் துளிகளைக் குடித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவையும் நுணுக்கமாகக் கற்றுக்கொண்டு, இனி என்னை யாரும் ஏய்க்க ஏலாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நாரந்தனைப் பக்கத்திலிருந்து அந்த முறைப்பாடு வந்தது.

நாரந்தனைக்குக் கீழே கடற்கரையோரம் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அத்தனை குடும்பங்களுக்கும் குடிக்க ஒரேயொரு கிணறு. கிணற்றுக்கு அப்பால் ஒரு பனையோலை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கந்தப்பு என்பவரின் புகையிலைத் தோட்டம். அவருக்குத் தோட்டத்தில் சொந்தக் கிணறு உண்டு. துலா மரத்தில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் அவர் துலாவிலிருந்து விழுந்து கால் முறிந்துபோனது. அதன்பின் மகன் கொழும்பிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஒரு மண்ணெண்ணெய் இயந்திரம் வாங்கி அனுப்பினான். மிசின் வந்த பிறகு எங்கள் கிணறு உவர்க்கிறது, குடிக்க ஏலாமல் போனால் நாங்கள் எங்கே போவோம் என்று குடியிருப்புப் பெண்கள் எழுதியிருந்தார்கள். முன்னுக்கு நின்றவர் றோசலின் என்ற பெண்.

தீவுகளில் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர், உப்புத் தண்ணீருக்கு மேலே பால் ஆடை போல மெல்லிதாகத்தான் கிடக்கும். மெல்ல அள்ளினால் ஆடை கலையாது. உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். எனவே முறைப்பாடு நியாயமாக இருக்கலாம். இன்ன நாள் வருகிறேன் என்று ஊர் அதிகாரியான விதானையாருக்கு முறைப்படி அறிவித்துவிட்டுப் போனேன்.

போய்ப் பார்த்தால் கிணற்றுக் கட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வழி நெடுக வெள்ளை மணல் பரப்பியிருந்தார்கள். கிணற்றடியில் ஒரு கஞ்சல் குப்பை இல்லை. எட்டிப் பார்த்தால் அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. "நல்ல துப்புரவு அக்கா" என்று றோசலின் அக்காவைப் பாராட்டினேன். இளநீர் தந்தார்கள். மாதிரி எடுத்தேன். உப்பில் அது கடல் தண்ணீருக்குச் சற்றுத்தான் குறைவு. மிசினால்தான் கிணறு கெடுகிறது, உடனே நிறுத்தவேண்டும் என்று பந்தி பந்தியாக அறிக்கை எழுதினேன்.

பெரியவரின் பென்சில் கேள்வி இப்படி இருந்தது: "உமக்கு அங்கு என்ன உபசாரம் நடந்தது?"

எனக்குக் கோபம் வந்தது. இளநீர் குடித்ததைக் கண்டிக்கிறார் என்று நினைத்தேன். "இளநீர் மாத்திரம்" என்று எழுதி அனுப்பினேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. விசாரணையில் நானே கேட்டு அறியட்டும் என்று விட்டிருக்கவேண்டும்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. கந்தப்பு அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். சத்தம் போடவில்லை. "ஐயா வாறதுக்கு முதல்நாள் இவை கிணத்தை அடியோட இறைச்சுச் சேறு எடுத்தவை. நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்தனான். அடியோட இறைச்சா இந்தத் தீவில எந்தக் கிணறு உவர்க்காது? மிசின் அண்டைக்கு ஓடவே இல்லை" என்றார்.

எல்லோரும் றோசலின் அக்காவைப் பார்த்தார்கள்.

"ஓம், இறைச்சனாங்கள்தான்" என்றா அவ. "கலங்கல் கிணத்தைக் காட்டுறது மரியாதையோ? கந்தோரால ஐயா வாறார் எண்டு ஆம்பிளையள் கடலுக்குப் போகாமல் நிண்டெல்லோ இறைச்சவை." பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கட தலையில நாங்களே மண்ணை வாரிப் போட்டிட்டம் என்ன ஐயா?" என்று கேட்டா.

முறைப்பாடு அங்கேயே விழுந்துவிட்டது. எனக்கு மரியாதை செய்யப்போய் அவர்கள் வழக்கைத் தோற்றார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மண்டைதீவுக் கடலைப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் பெரியவரிடம் போய் இன்னொரு தரம் சோதிக்க அனுமதி கேட்டேன். "மிசின் ஓடேக்கையும் பாரும். நிக்கேக்கையும் பாரும். உம்மை ஒருத்தரும் உபசரிக்காமல் பாத்துக்கொள்ளும். அதுதான் கஷ்டம்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று போன முதல்நாளே தெரிந்தது. வேலணையில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் காலையில் கிணற்றடியில் போய் நின்றேன். றோசலின் அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இப்பிடிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தா நாங்கள் என்னத்தைச் செய்யிறது? கிணத்தடி கிடக்கிற கிடையைப் பாருங்கோ" என்று விளக்குமாற்றை எடுத்தா. கூட்டவேண்டாம், இறைக்கவேண்டாம், என்னைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று கெஞ்சினேன். கருவாட்டுப் பந்தலின் நிழலில் ஒரு மேசை போட்டு, என் குழாய்களையும் குடுவைகளையும் பரப்பினேன். கருவாட்டில் மொய்த்த இலையான்கள் மட்டும் என்னைக் கண்டுகொண்டன.

மிசின் ஓடாத நேரத் தண்ணீரை எடுத்தாயிற்று. மேல் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். இனி மிசின் ஓடவேண்டும். வேலிக்கு அப்பால் அது படபடவென்று தொடங்கியது. நான் போத்தலை இறக்க ஆயத்தமானேன். சத்தம் நின்றது. வேலிக்கு மேலே கந்தப்பு அண்ணையின் தலை தெரிந்தது.

"ஐயா, உச்சி வெயிலுக்குள்ள நிக்கிறியள். வாருங்கோ, ஒரு பிடி சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"மிசினை ஏன் அண்ணை நிப்பாட்டினியள்?"

"நீங்கள் வரேக்க அது கத்திக்கொண்டு கிடந்தா எப்பிடிக் கதைக்கிறது?"

யாரிடம் பிழைகாண வந்தேனோ அவர் எனக்குச் சோறு போடுகிறார், அதற்காகக் குற்றத்தையும் நிறுத்திவிடுகிறார். மறுநாளும் அதுவே நடந்தது. கடைசியில் கைகூப்பாத குறையாக, "அண்ணை, தயவுசெய்து மிசினை ஓட்டுங்கோ. நான் வந்தாலும் ஓட்டுங்கோ. கூப்பிட்டாலும் நிப்பாட்டாதேங்கோ" என்றேன். அவர் யோசித்தார். "என்ர மிசினைப் பிழையெண்டு சொல்ல நானே ஓட்டித் தரவேணும், அப்பிடித்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சரி. உண்மை தெரியட்டும்" என்றார்.

அவர் காலையிலிருந்து ஓட்டினார். வாக்குக் கொடுத்த மனிதர், சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தவில்லை. மத்தியானத்துக்கு மேல் பெண்களின் கிணற்றுத் தண்ணீர் துளிகளைக் குடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறம் வரப் பிந்தியது. மேசையைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். பின்னேரம் கந்தப்பு அண்ணை வேலியைச் சுற்றி, றோட்டு வழியாக, தடியை ஊன்றி நடந்து வந்தார். கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

"இது என்ர கிணத்துத் தண்ணி. இதையும் ஒருக்காப் பாருங்கோ."

அளந்து ஊற்றித் துளி விட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. குழாய் வெறுமையாகி, மறுபடி நிரப்பினேன். துளிகள் விழுந்துகொண்டே இருந்தன.

"இன்னும் சிவக்கேல்லையே ஐயா?"

"இன்னும் இல்லை அண்ணை."

"அவையின்ரயைவிடக் கூடவோ?"

"ஓம்."

அவர் குடுவையைப் பார்த்தபடியே நின்றார். நான் பரீட்சைகளில் தோற்றிருக்கிறேன், பெண் பார்க்கும் இடத்தில் நெளிந்திருக்கிறேன், வள்ளத்தில் இடியப்பம் கக்கியிருக்கிறேன். அவை எதுவும் அந்தச் செங்கல் நிறத்துக்காகக் காத்து நின்ற நேரத்தைப் போல எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. நிறம் மாறியதும் அவர் செம்பை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மிசின் நின்றது. மறுநாளும் அது ஓடவில்லை.

விசாரணை இரண்டாம்முறை கூடியபோது விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெரியவர் என் அறிக்கையைக் கேள்வி எழுதாமல் அனுப்பினார். என் உத்தியோக காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான். மாரிமழைக்குப் பிறகு பெண்களின் கிணறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் நான் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பியது இவற்றையல்ல. மிசின் நின்று சில நாட்களுக்குப் பிறகு நான் மறுபடி மாதிரி எடுக்கப் போன பின்னேரத்தைத்தான்.

புகையிலை வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கந்தப்பு அண்ணையின் காலால் துலா மிதிக்க ஏலாது. மிதித்தாலும் அவர் கிணற்றில் இருப்பது உவர்த் தண்ணீர். ஒரு பக்கத்து இலைகள் ஏற்கெனவே சுருண்டு தொங்கின. அவர் தோட்டத்தின் நடுவில் தடியோடு நின்றார். நான் கிணற்றடியில் போத்தலும் கயிறுமாக நின்றேன். றோசலின் அக்கா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தா. வழக்கமாக ஒரு குடத்தோடு போய்விடுபவ, அன்று இன்னொரு குடத்தையும் நிரப்பினா. மற்றப் பெண்களும் அப்படியே நிரப்பினார்கள். பிறகு அவ வேலியடியில் போய் நின்றா.

"அண்ணை, சுத்தி வந்தா இருட்டிப்போம். இந்த வேலியைக் கொஞ்சம் விலத்தி விடுங்கோ."

அந்த வேலிக்குள் அந்தப் பெண்கள் அதுவரை கால் வைத்ததில்லை. வைக்க விட்டதும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் அது தெரியும். கந்தப்பு அண்ணை தடியை ஊன்றி வேலியடிக்கு வந்தார். பிறகு தடியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஓலையைப் பிடித்து இழுத்தார். கட்டு இறுக்கமாக இருந்தது. உள்ளேயிருந்து அவரும் வெளியேயிருந்து றோசலின் அக்காவுமாக இழுத்துப் பிய்த்தார்கள். பெண்கள் குடங்களோடு வரிசையாக உள்ளே போய்ப் புகையிலைக் கன்றுகளுக்கு ஊற்றினார்கள்.

அது மாதிரி எடுக்கவேண்டிய நேரம். ஒரு குடியிருப்பே சேர்ந்து அள்ளும்போது அந்த மெல்லிய ஆடை என்ன பாடு படுகிறது என்று அளக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அள்ளவேண்டாம், கிணறு இன்னும் தேறவில்லை என்று சொல்லவேண்டியதும் என் கடமை. நான் இரண்டையும் செய்யவில்லை.

"என்ன ஐயா, போத்தலை வைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்றா றோசலின் அக்கா, திரும்பி வந்து. "கை சும்மாதானே கிடக்கு."

போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கினேன். இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்தேன். பாதித் தண்ணீர் என் சேட்டிலும் காற்சட்டையிலும் போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். மிச்சத்தை ஒரு கன்றின் அடியில் ஊற்றப் போனேன்.

"அதுக்கு ஊத்தியாச்சு ஐயா" என்றார் கந்தப்பு அண்ணை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் வாடிக் கிடந்த ஒரு கன்றைக் காட்டினார். "அங்கால கொண்டு போங்கோ. சிந்தாமல் கொண்டு போங்கோ."